எங்களைச் சுற்றிப் பார்த்த வழிகாட்டி

ஓக்லண்டில், விரி என்கிற பகுதியில், ஒரு பெரிய களஞ்சியத்தில் எனக்கு வேலை. கடைகளிலிருந்து திரும்பி வருகிற பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பது உண்மையாகவே பழுதா, இல்லை பாவித்துவிட்டுப் பழுதென்று கதை விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பல வருடமாகப் பார்க்கிறேன். சந்தேகப்படுகிறதுக்கு என் மனுசிக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள் என்று என் கணவர் சொல்லித் திரிவார். அவர் பஸ் ஓட்டுகிறவர். சான்ட்ரிங்ஹாமிலிருந்து டவுனுக்குப் போகிற அத்தனை பேரையும் நம்பி, சிரித்து, காலை வணக்கம் சொல்லி ஏற்றுகிறவர். ஒரு வீட்டில் இரண்டு பேரும் அப்படி இருந்தால் வீடு உருப்படாது.

ஆகவே எங்கள் ஒரே மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அம்மா, நீங்க ஜெர்மனிக்கு மாமி வீட்டை போறீங்கள்தானே? அங்கயிருந்து போலந்துக்கு ட்ரெயின் இருக்கு. ஒரு டே டூர் புக் பண்ணியிருக்கிறன். மை ட்ரீட்" என்றதும் எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. என் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை. இவ்வளவு தமிழ் ஒரே மூச்சில் வருகிறதென்றால் பின்னால் ஏதோ இருக்கிறது.

"போலந்திலை என்ன இருக்கு?"

"கதான்ஸ்க். பழைய போர்ட் சிற்றி. ரொம்ப வடிவு."

"ஏன், பாரிஸ் எங்கை போச்சு?"

"அம்மா, ஜஸ்ட் கோ" என்றாள். பிறகு, போகிற போக்கில், "நல்ல உடுப்பு ஒண்டு கொண்டு போங்கோ" என்றாள். கோட்டைச் சுவர் பார்க்க நல்ல உடுப்பு எதற்கு?

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கப் பயம். அதற்குக் காரணம் இருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு நான் அவளுக்கு ஒரு வேலை செய்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குச் சொல்லாமல் கோயிலுக்கோ கடைக்கோ கூட்டிக்கொண்டு போவது. மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்தவர்கள் போல வந்து நின்று பார்ப்பது. பிடித்தால் பேச்சைத் தொடங்கலாம், பிடிக்காவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை. அப்படித்தான் பூசைக்கென்று சொல்லி அவளுக்குச் சேலை உடுத்திக் கூட்டிப் போனேன். மாப்பிள்ளை, தாய், தகப்பன், பெரியம்மா என்று ஒரு பட்டாளமே வந்து அவளை மேலிருந்து கீழே பார்த்தது. போகும்போது அந்தத் தாய் என் கையைப் பிடித்து, "வீட்டை போய்ச் சொல்லுறம்" என்றாள். இதைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும், இனி டெலிபோன் அடிக்காது என்று. அடிக்கவுமில்லை.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். எல்லர்ஸ்லியில், வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "நாங்கள்தான் வேண்டாமெண்டனாங்கள்" என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அது பச்சைப் பொய். ஆறு மாதம் கழித்து மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரத் தொடங்கினாள். அந்த ஒரு நாள்தான் எனக்கு மிஞ்சியது. இன்னொரு பிழை விட்டால் அதுவும் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை வந்தால் சோறு போடுவேன், போகும்போது என் கையால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொடுத்து விடுவேன், வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அந்தத் தூளிலும் எனக்கொரு சந்தேகம் இருந்தது. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கொடுப்பேன். தனி ஒருத்திக்கு ஆறு மாதத்துக்குக் காணும். இவள் இரண்டு மாதத்தில் வெறுங்கையோடு வந்து நிற்பாள். "குளிக்கிறியோ பிள்ளை அதிலை?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். டப்பாவும் திரும்பி வருவதில்லை.

சரி, போனோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆற்றங்கரையில் ஒரு பெரிய வாசலுக்கு முன்னால், சிவப்புக் குடையோடு வழிகாட்டி நிற்பா என்று சீட்டில் இருந்தது. நின்றா. என் வயதிருக்கும். நெடுத்த, எலும்பான, நரைமயிரை ஒட்ட வெட்டிய மனுசி. நான் நெருங்கி வர வர என் கால் செருப்பிலிருந்து நெற்றிப் பொட்டு வரை பார்த்தா. எட்டுப் பேர் கொண்ட குழு என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர்தான்.

"மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"இன்றைக்கு நீங்கள் மட்டும்தான்" என்றா ஆங்கிலத்தில், கண்ணைப் பார்க்காமல்.

நான் கைப்பையைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டேன்.

ஊர் வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒடுங்கி உயர்ந்த வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், முகப்பெல்லாம் சிற்பம். நடுவில் கடல் தேவன் சூலத்தோடு நிற்கிற ஒரு நீரூற்று. என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்துத் தள்ளினார். எனக்கோ அந்தச் சுவர்களின் விளிம்பு இடித்தது. நானூறு, ஐந்நூறு வருடப் பழசென்றால் மூலைகள் இவ்வளவு கூர்மையாக இருக்குமோ? ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

வழிகாட்டி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தா. "போரில் எல்லாம் கல்லும் சாம்பலுமாகப் போனது. பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். என் தகப்பனும் செங்கல் சுமந்தவர்" என்றா. "இதை நான் வழக்கமாகக் கடைசியில்தான் சொல்லுவேன். யாரும் தாங்களாகக் கேட்பதில்லை."

"பாத்தியளோ, எல்லாம் புதுசு" என்று கணவரிடம் தமிழில் சொன்னேன்.

"எங்கடை ஊரிலை சண்டை முடியத் திருப்பிக் கட்டின வீடுகளைப் புதுசெண்டு ஆரும் சொன்னால் நீர் விடுவீரோ?" என்றார். நான் கைப்பையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

ஆற்றோரம் மரத்தால் செய்த ஒரு பென்னாம்பெரிய பாரந்தூக்கி நின்றது. அந்தக் காலத்தில் கப்பலில் பாரம் ஏற்ற அதன் சக்கரத்துக்குள்ளே ஆட்கள் நடப்பார்களாம். நடக்க நடக்கச் சக்கரம் சுற்றும், கயிறு மேலே போகும். அதுவும் எரிந்து திரும்பக் கட்டியதுதான். என் கணவருக்கு அதில் ஒரே உருக்கம். நாள் முழுக்க நடந்தும் இருந்த இடத்திலேயே நிற்கிற வேலை என்று தன் பஸ்ஸோடு ஒப்பிட்டு அந்த மனுசியோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தார். அந்த இடைவெளியில் அவ கேள்விகளைத் தொடங்கினா.

வழிகாட்டி என்றால் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவவோ எங்களைப் பற்றிக் கேட்டா. ஓக்லண்டில் சொந்த வீடா? மகள் சின்ன வயதில் எப்படி, முரடா? உங்கள் கணவர் குடிப்பாரா?

"ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன்.

"கலியாண வீடுகளில் மட்டும்" என்றார் இவர், கேட்டவர்களுக்கெல்லாம் விலாசம் கொடுக்கிற மனுசன்.

பிறகு அவ என்னைப் பார்த்து, "நீங்கள் கோபம் வந்தால் எத்தனை நாள் கதைக்காமல் இருப்பீர்கள்?" என்று கேட்டாவே பார்க்கலாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அது ஆளைப் பொறுத்தது" என்றேன். அவ தலையாட்டினா, மனதுக்குள் எழுதி வைக்கிற மாதிரி.

அடுத்தது, படிக்கட்டுகள் தெருவுக்குள் இறங்கி வருகிற ஒரு ஒழுங்கை. இரண்டு பக்கமும் அம்பர் விற்கிற கடைகள். அம்பர் என்றால் மரப்பிசின் கல்லாகிப் போனது, தேன் நிறத்தில். கமிஷனுக்குத்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறா என்று எனக்கு உடனே விளங்கியது. ஆனால் அவ வாங்கச் சொல்லவில்லை. இங்கே பாதி போலி, பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் விற்பார்கள் என்று சொல்லி, ஒரு கல்லை எடுத்துத் தன் கம்பளிச் சட்டையின் கையில் பரபரவென்று தேய்த்தா. ஒரு துண்டு டிஷ்யூவைப் பொடியாகக் கிழித்து அதன் மேல் பிடித்தா. பொடியெல்லாம் தாவி ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரில் போட்டால் நல்லது மிதக்கும், கண்ணாடி தாழும் என்றா. "நான் எதையும் சோதிக்காமல் நம்புவதில்லை" என்றா.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அந்த மனுசியைப் பிடித்திருந்தது. என் களஞ்சியத்தில் பக்கத்து மேசையில் இருக்க வேண்டியவ.

பிறகு கடைக்காரியிடம் அவ ஏதோ தன் பாஷையில் சொல்ல, கடைக்காரி என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். எங்கே பார்த்தேன் என்றுதான் அப்போது ஞாபகம் வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு சீட்டில் எழுதியிருந்தது. கடைக்குப் போவோம் என்று பார்த்தால், ட்ராம் ஏற்றி, ஒரு மாடிக் குடியிருப்புக்கு முன்னால் இறக்கினா. "என் வீட்டில் சாப்பிடுவோம்." வாசல் இலக்கத்தைப் படம் எடுத்து ஜெர்மனியிலிருக்கும் மச்சாளுக்கு அனுப்பினேன். 'மூண்டு மணிக்குள்ளை எங்களிட்டையிருந்து சத்தமில்லாட்டில் பொலிசுக்கு அடி' என்று கீழே எழுதினேன்.

"விசர் வேலை பாக்காதையும்" என்றார் இவர்.

"உங்களுக்கு என்ன, பஸ்ஸிலை ஏறின கள்ளனுக்கும் வணக்கம் சொல்லுற ஆள்."

உள்ளே போனதும் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, வீட்டுக்குள் போடுகிற செருப்பு எடுத்து வைத்தா. அவர்கள் வழக்கமாம். என் கால் குட்டிக் கால். கடைகளில் சிறுவர் பகுதியில்தான் எனக்குச் சப்பாத்து வாங்குவோம். அந்தச் செருப்பு எனக்குத் தைத்து வைத்த மாதிரி இருந்தது. அதற்குள் அவ கொழுக்கட்டை மாதிரி ஒன்றை, உள்ளே உருளைக்கிழங்கும் வெண்ணெய்க்கட்டியும் வைத்து அவித்தது, ஆவி பறக்கக் கொண்டு வந்து வைத்தா. "இன்று வெள்ளிக்கிழமை. உங்களுக்கு இறைச்சி ஆகாது. எங்கள் சமயத்திலும் வெள்ளி அப்படித்தான்" என்றா.

நான் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. "ஆர் சொன்னது உவவுக்கு?" என்று இவரைக் கேட்டேன். இவர் தலை நிமிராமல் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குனிவும் எனக்குப் பிடிக்கவில்லை.

உப்பு எடுக்க அவ அலுமாரியைத் திறந்தா. மேல் தட்டில், மாப் பைக்கும் சீனிப் போத்தலுக்கும் நடுவில், ஒரு ஐஸ்கிரீம் டப்பா. எங்கள் ஊர் ஹோக்கி போக்கி ஐஸ்கிரீம் டப்பா. அதன் மேல் ஒட்டியிருந்த டேப்பில் என் கையெழுத்து. 'தூள். உறைப்பு. ஈரக் கரண்டி போடாதை.'

அரை உலகம் தாண்டி வந்து ஆரோ ஒருத்தியின் அலுமாரியைத் திறந்தால் நான் கராஜில் இருமி இருமி வறுத்த தூள் இருந்து என்னைப் பார்க்கிறது! எழும்பிப் போய் அந்த டப்பாவை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தேன்.

"இது என்னுடையது."

"ஓம்" என்றா அந்த மனுசி. ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் அவவே சொன்னா, 'ஓம்' என்று. என் மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அவவின் மகனும் என் மகளும் எல்லர்ஸ்லியில் ஒரே அலுவலகம். ஒன்றரை வருடமாகப் பழகுகிறார்களாம். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு டப்பா கொண்டு வருவானாம், மற்றதெல்லாம் அங்கே அவனே தின்று முடிக்கிறானாம். முதல் தடவை இந்த மனுசி அதைச் சூப்பில் மூன்று கரண்டி போட்டு அரை நாள் அழுதாவாம். "உங்களுக்கும் தெரியுமோ?" என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். "பெடியனை ரண்டு தரம் கண்டனான், என்ரை பஸ்ஸிலை. நல்ல பெடியன்" என்றார். பஸ்ஸில் ஏறிய எல்லாரும் இவருக்கு நல்ல பெடியன்தான்.

"அப்போ இந்தச் சுற்றுலா?" என்று கேட்டேன்.

"உங்கள் மகள்தான் சொன்னாள்" என்றா. "உங்களில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஆளுக்குத் தெரியாமல் முதலில் போய்ப் பார்ப்பது. சரிவராவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை. அம்மாவையும் அப்பாவையும் அப்படிப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அவர்கள் ஒரு ஊர் பார்த்ததாக நினைத்துக்கொண்டு போகட்டும், அவமானப்பட வேண்டாம் என்றாள்."

காலையில் நெருங்கி வரும்போது இவவும், பிறகு அம்பர்க் கடைக்காரியும் பார்த்த பார்வை கோயிலில் அந்தப் பெரியம்மா பார்த்த பார்வை என்று அப்போதுதான் பிடிபட்டது. அன்று முழுக்க இந்த மனுசி ஊரைக் காட்டவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. காலிலிருந்து பொட்டு வரை. என் பிள்ளை அன்றைக்குச் சேலையில் நின்று என்ன உணர்ந்திருப்பாள் என்று எனக்கு விளங்கியது, விளங்கியதும் முகம் எரிந்தது.

"அவள் இன்னொன்றும் சொன்னாள்" என்றா. "முன்பு பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லையாம். அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம். ஆனாலும் நான்கு மாதம் டெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதனால் நான் அவளைக் காக்க வைக்கப் போவதில்லை. உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரின் மூலையைத் தொட்டுப் பார்த்தீர்களே, அப்போதே பிடித்துவிட்டது. இனி நீங்கள் சொல்லுங்கள்."

நாங்கள்தான் வேண்டாமென்றோம் என்று நான் சொன்ன பொய்யை அவள் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் முன்னால் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்துகொண்டு. கோபமும் வெட்கமும் ஒன்றாக ஏறின. ஏதாவது சொல்ல வேண்டுமே. கதிரையை விட்டு எழும்பினேன். என்னை அறியாமல் வாயில் வந்தது, எங்கள் ஆட்கள் வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வருவதுதான்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம்."

அந்த மனுசி சரியென்று தலையாட்டினா. பாவம், அவவுக்கு என்ன தெரியும்? இவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ரயிலில் கேட்டார், "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"ஓமெண்டு சொல்லியிருக்கலாம்."

"எனக்கு ஓமோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது!" என்று கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓக்லண்ட் விமான நிலையத்துக்கு மகள்தான் வந்தாள். பயணம் எப்படி, மாமிக்கு முழங்கால் எப்படி என்று கேட்டாள். கதான்ஸ்க் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. வழியில் டெயரி என்கிற மூலைக்கடையில் நிறுத்திப் பாலும் பாணும் வாங்கித் தந்தாள். பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, தேநீர் வேண்டாமென்று போய்விட்டாள். அந்த ஞாயிறு வரவில்லை. வேலையாம். அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் குழம்பைச் சூடாக்கிச் சூடாக்கி வைத்தேன். அது அடிப்பிடித்தது.

"அந்த மனுசி நீர் சொன்னதை அப்பிடியே பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறா" என்றார் இவர், மெதுவாக. "உவள் எங்கடை பிள்ளை. அதுக்கு என்ன அர்த்தமெண்டு அவளுக்குத் தெரியும்."

நான் கராஜுக்குள் போனேன். வீட்டுக்குள் வறுத்தால் புகை மணி அலறும், ஆகவே எப்போதும் கராஜ்தான். மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை. பின்னேரம் முழுக்க வறுத்து இடித்தேன். தூள் ஆற, யோசித்தேன். அந்தப் பெடியனை நான் கண்டதில்லை. வேற்று இனம், வேற்றுச் சமயம், வேற்றுப் பாஷை. சந்தேகப்பட என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு தூள் டப்பாவை மூட்டைக்குள் வைத்து அரை உலகம் காவிப்போய்த் தாயிடம் கொடுத்திருக்கிறான். அதுவும் கணக்கில் வர வேண்டும்தானே.

சனிக்கிழமை காலை இவருக்கும் சொல்லாமல் பஸ் மாறி எல்லர்ஸ்லிக்குப் போனேன். கதவைத் திறந்தவளின் முகம் மெலிந்திருந்தது.

"கோல் பண்ணியிருக்கலாமே அம்மா."

"கோயிலிலை உன்னை வைச்சுக் காட்டினது பிழை" என்றேன், வாசலிலேயே நின்றுகொண்டு. நின்றால்தான் சொல்ல முடியும் போலிருந்தது. "நாங்கள் வேண்டாமெண்டேல்லை. அவங்கள்தான் ஒண்டும் சொல்லாமல் விட்டவங்கள். நான் உனக்குப் பொய் சொன்னனான்."

"ஐ நோ" என்றாள்.

பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று வழக்கமானது. மற்றதின் எழுத்தை அவள் உற்றுப் பார்த்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். விரலை வைத்து, எழுத்தெழுத்தாய்க் கூட்டித்தான் வாசிப்பாள்.

"சம்... பந்... தி... சம்பந்தி வீட்டுக்கு" என்று வாசித்தாள். நிறுத்தினாள். பிறகு மிச்சத்தையும் வாசித்தாள். "ஈரக் கரண்டி... போடா... தேங்கோ."

டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தூள் கண்ணிலை பட்டிட்டுது அம்மா" என்றாள்.

மூடியைச் சுற்றி நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.